நாற்பது நொடி வெளிச்சம்

“கரண்டு பில்லு என்னைக் கொல்லுது சார். நீங்க அதைக் கொல்லுங்க.”

பாய் இப்படித்தான் என்னை வேலைக்குக் கூப்பிட்டார். காலாப்பட்டைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைப் பேருந்துகள் பதினைந்து நிமிடம் நின்று போகும் ஓட்டல் அவருடையது. புதுச்சேரி நகரத்துக்குள் தலைமுறைகளாக ஜவுளி விற்ற குடும்பம். இவர் ஒருவர் மட்டும் துணியை உதறிவிட்டுச் சாலைக்கு வந்தவர். நான் முத்தியால்பேட்டைக்காரன். ஐஸ் பேக்டரி, கல்யாண மண்டபம், லாட்ஜ் என்று எங்கெல்லாம் மின்சாரம் வீணாகக் கொட்டுகிறதோ அங்கெல்லாம் போய் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பது என் பிழைப்பு. மீதி நேரத்தில் உரைநடையா கவிதையா என்று எனக்கே பிடிபடாத எதையோ எழுதிக்கொண்டிருப்பேன். ஐம்பதைத் தொட்ட பிறகும் ஓரிடத்தில் உட்கார வராத உடம்பு.

அந்த ஓட்டல் மின்சாரத்தைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. கதவு சரியாக மூடாத ஃப்ரீசர்கள் பனியைக் கக்கியபடி முனகின. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் காசு வாங்காமல் சோறு போடும் தனியறையில், ஆள் இல்லாத நேரத்திலும் ஏசி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது. அந்த அறை குளிரவில்லை என்றால் மறுநாள் பேருந்து அடுத்த ஓட்டலில் நின்றுவிடும், அதனால் அதன் மேல் மட்டும் கை வைக்க வேண்டாம் என்றார் பாய். வாசலில் பட்டப்பகலில் சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் விளக்குகள் வெறிபிடித்து ஓடின. கடல் கூப்பிடு தூரத்தில். உப்புக்காற்று வயர்களின் தோலை உரித்து உள்ளே புகுந்து, செம்பைப் பச்சையாக அரித்திருந்தது. ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியையும் திறந்தபோது கருகிய வாடை முகத்தில் அறைந்தது.

வயரை வாய் பிளந்து கவ்வி, அதில் ஓடும் மின்சாரத்தைச் சொல்லும் கருவி ஒன்று என்னிடம் உண்டு. டாங் டெஸ்டர் என்போம். கையில் பிடித்தால் இரும்பு நண்டு மாதிரி கனக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அந்தக் கட்டடத்தை வேட்டையாடினேன். ஃப்ரீசர் ரப்பர்களைப் பிய்த்தெறிந்து புதிது போட்டேன். சீரியல் விளக்குகளின் குரல்வளையை நெரித்தேன். நாள் முழுதும் ஓடிய தண்ணீர் மோட்டாருக்கு, தொட்டி நிறைந்ததும் நிறுத்திவிடும் மிதவை சுவிட்ச் மாட்டினேன். ஒவ்வொன்றும் அடங்கும்போது மீட்டரின் வேகம் குறையும். அதைப் பார்ப்பதில் ஒரு குரூரமான சந்தோஷம் எனக்கு உண்டு. ஒளித்து என்ன பயன்? வெட்டுகிறவனுக்கு வெட்டும் சுகம்.

கடைசியாகப் பெண்கள் கழிப்பறைக்கு வந்தேன்.

ஆண்கள் பக்கம் மேலே திறந்தவெளி. பகலில் விளக்கே வேண்டாம். பெண்கள் பக்கம் குகை. முன்பு அங்கே பின்சுவரில் உயரமாக ஜன்னல்கள் இருந்தனவாம். ஒருநாள் எவனோ பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பார்த்திருக்கிறான். அவன் தப்பிவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள் பாய் செங்கல் வைத்து எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டார். அதிலிருந்து உள்ளே ஆறு கதவுகளுக்கும் நடைபாதைக்கும் விளக்குகள், சூரியன் உச்சியில் நிற்கும்போதும், யாரும் இல்லாதபோதும், வருடக்கணக்காக எரிந்துகொண்டிருந்தன.

என் மூளையில் உடனே உதித்தது சென்சார். ஆள் அசைந்தால் எரியும், அசைவு நின்றால் அணையும். நடைபாதையின் கூரையில் ஒன்றே ஒன்று மாட்டினேன். எல்லா விளக்கும் அதன் கட்டுப்பாட்டில். அடியில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். எத்தனை நேரம் எரிய வேண்டும் என்பதை அதில்தான் வைக்க வேண்டும். நான் உள்ளே போய் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஓர் ஆண்பிள்ளையின் கணக்கில், நாற்பது நொடி என்று வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவரின் அசைவு கூரையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். ‘அதுக்குள்ள அடுத்த ஆள் வந்துடும், எரிஞ்சிடும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கழிப்பறைகளைப் பார்த்துக்கொண்டவர் முதலியார்பேட்டையிலிருந்து வருகிற ஒரு பெரியவர். அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்த துணி மில் மூடும்வரை அதன் நூற்புப் பிரிவில் இருந்தவர். அந்த இரைச்சல் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. எதைச் சொன்னாலும் முதலில் “ஆங்?” என்பார். தடித்த மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு துண்டு, இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பெண்கள் பக்கத்தைக் கழுவ ஓர் அம்மாள் காலையில் வந்து மதியத்தோடு போய்விடுவாள். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் இவர் பொறுப்பு.

சென்சார் மாட்டிய மூன்றாம் நாள் போனபோது அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். உள்ளே விளக்கு அணைந்ததும் யாராவது வாளியைத் தட்டுவார்கள், “லைட்டு!” என்பார்கள். இவர் எழுந்து போய்ப் பெண்கள் வாசலின் ஓரமாக நின்று, முகத்தைச் சாலைப் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டு, வலது கையை மட்டும் உள்ளே நீட்டித் துண்டை இரண்டு சுழற்றுச் சுழற்றுவார். எரிந்துவிடும். ஒருமுறைகூட அவர் முகம் உள்ளே திரும்பிப் பார்த்ததில்லை. நான் சிரித்தேன்.

“சிரிக்காதீங்க சார்” என்றார். “இத கொஞ்சம் கூட்டி வையுங்க. பொம்பளைங்களுக்கு நேரம் ஆவும். பொடவை, பையி, கையில கொழந்த. நம்மள மாதிரி நின்னுகினே போற வேலையா அது?”

“இந்த வாரம் முடியட்டும்ணே. ரீடிங் எடுத்துட்டு மாத்திடறேன்.”

“ஆங்?”

“சனிக்கிழம மாத்திடறேன்!” என்று கத்தினேன்.

அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரியும். ஆனால் ஒரு வாரக் கணக்கு நடுவில் கலையாமல் வேண்டும் எனக்கு. பாயிடம் காட்டக் குறைந்த எண் வேண்டும். இரண்டு நிமிடம் என்று வைத்தால் அந்த எண் கொஞ்சம் ஏறும். அவ்வளவுதான் விஷயம். பெரியவர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சனி ஞாயிறு வந்தால் அந்தச் சாலைக்கு வெறி பிடித்துவிடும். சென்னையிலிருந்து கார்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளுகிற வேகத்தில் புதுச்சேரிக்குப் பாயும். சாலையில் நாய்கள் செத்துக் கிடக்கும், அவற்றின் மேலேயே அடுத்த வண்டி ஏறும். அந்தச் சனிக்கிழமை பகல் இரண்டு மணி. வெயில் தார் மேல் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பேருந்து வந்து நின்று கூட்டத்தைக் கொட்டியது. கூடவே இரண்டு கார்கள். அவற்றிலிருந்து அரைக்கால் சட்டை போட்ட இளைஞர்கள், வழியிலேயே குடிக்க ஆரம்பித்துவிட்டவர்கள், இறங்கினார்கள். பாய் நகரத்தில் வீட்டில் இருந்தார். நான் கட்டடத்தின் பின்பக்கம் மீட்டர் பெட்டியின் முன் நின்றிருந்தேன். வாரத்தின் கடைசி எண். அதை எழுதிவிட்டு நேராகப் போய்த் திருகைத் திருப்புவதாகத்தான் இருந்தேன். சட்டைப்பையில் திருப்புளி இருந்தது.

அப்போது ஒரு பெண் அலறினாள்.

“ஐயோ, எவனோ உள்ள கைய உட்றான்! எவனோ உள்ள கைய உட்றான்!”

நான் எண்ணை எழுதி முடித்தேன். அதன் பிறகுதான் ஓடினேன். ஐந்து இலக்கம். அதற்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? இதை நான் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

முன்பக்கம் வந்தபோது பெரியவரைச் சுற்றி ஆட்கள் திரண்டுவிட்டார்கள். அலறிய இளம்பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கதவைத் திறந்து வெளியே வந்த கணத்தில், இருட்டான பெண்கள் கழிப்பறைக்குள் ஓர் ஆணின் கை நுழைந்து எதையோ துழாவுவதைத்தான் அவள் பார்த்தாள். திருப்பிக்கொண்ட முகம் அவளுக்குத் தெரிய நியாயமில்லை. அவள் கணவன் பெரியவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான்.

“உள்ள இன்னாடா பண்ண?”

“ஆங்?” என்றார் பெரியவர்.

“இன்னா பண்ணன்னு கேட்டா நக்கலா பண்ற?”

“ஆங்? லைட்டுப்பா. லைட்டு...”

முதல் அறை விழுந்ததுமே மூக்குக் கண்ணாடி உடைந்தது. அந்தச் சத்தம் சின்னதாக, முட்டை உடைவது போல இருந்தது. பெரியவர் இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். குனிந்தவரின் முதுகு எல்லாருக்கும் வசதியாகக் கிடைத்தது. கார்க்காரப் பையன்களில் ஒருவன் ஓடி வந்த வேகத்திலேயே உதைத்தான். இன்னொருவன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அடித்தான். நாற்காலியின் கால் உடைந்து பறந்தது, மிச்சத்தை வைத்துத் திரும்ப அடித்தான். யார் என்ன என்று தெரியாமலே பேருந்திலிருந்து இறங்கிய ஆண்கள் வந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் கையில் பாதி தின்ற வடை. அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் ஓர் அடி போட்டார். சுற்றி உயர்ந்த கைகளில் செல்போன்கள். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்து பெரியவரின் பனியனில் இறங்கியது. ஓட்டல் ஆட்கள் கல்லாவுக்குப் பின்னால் உறைந்து நின்றார்கள்.

“விடுங்கய்யா! அவர் லைட் போடத்தான் கை நீட்டினாரு! சென்சாரு! உள்ள சென்சாரு இருக்குது!” என்று கத்தினேன்.

“இன்னா சென்சாரு? யார்ரா நீ, இவன் கூட்டாளியா?”

அந்தக் கூட்டத்தில் சென்சார் என்ற சொல் ஒரு மயிருக்கும் ஆகவில்லை. அங்கே ஒரே ஒருவர் சொன்னால்தான் எடுபடும். உள்ளிருந்து விளக்குக் கேட்ட பெண். அவர் இன்னும் உள்ளேதான் இருக்க வேண்டும்.

உள்ளே ஓடினேன். என் அசைவில் விளக்குகள் எரிந்தன. ஐந்து கதவுகள் திறந்து கிடந்தன. கடைசிக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

“அம்மா! உள்ள இருக்கீங்களா?”

“யாருய்யா அது? பொம்பள கக்கூசுல ஆம்பள கொரலு?” வயதான குரல். பயமில்லாத குரல்.

“நான் கரண்டு வேல பாக்கறவன்மா. லைட்டு கேட்டது நீங்கதானே?”

“ஆமா. மனுசி உக்காரத்துக்குள்ள அணைஞ்சி அணைஞ்சி போவுது. ஒருத்தரு கைய வீசுனாரு, எரிஞ்சிது. எந்தக் கழுதப்பா இத மாட்டுனது?”

“வெளிய அவர அடிக்கிறாங்கம்மா. எட்டிப் பாத்தாருன்னு சொல்லி அடிக்கிறாங்க. நீங்க வந்து சொன்னாத்தான் உயிரோட விடுவாங்க.”

வெளியே மரக்கட்டை மேல் மரக்கட்டை விழுகிற மாதிரி ஓர் ஒலி வந்தது.

“அட பாவிங்களா. வர்றேன். முட்டி மடங்குனா நிமிராது தம்பி எனக்கு. எழுந்துக்கணும். ஒரு நிமிசம் குடு.”

ஒரு நிமிடம். வெளியே அடிகளின் எண்ணிக்கையில்தான் நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் கதவருகே அசையாமல் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்தது. என் நாற்பது நொடி. கரியைப் பூசியது போன்ற இருட்டு. உள்ளே அந்த அம்மாள் எதிலோ இடித்துக்கொண்டு “அம்மாடி” என்றார். வாளி உருண்டது. நான் வலது கையை மேலே தூக்கி வீசினேன். எரிந்தது.

அந்தக் கையைக் கீழே இறக்குவதற்குள் என் காலர் பின்னாலிருந்து இழுபட்டது.

“இங்க இன்னொருத்தன்டா!”

என் நெற்றி சுவரில் மோதியது. வாய்க்குள் உப்பும் இரும்பும் கலந்த ருசி. விலாவில் ஒரு முழங்கை இறங்கியது. மூச்சு வரவில்லை. கீழே விழுந்தபோது சொட்டச் சொட்ட நனைந்த தரையில் என் கன்னம் ஒட்டியது. கதவின் அடியிலிருந்த இடைவெளியில் அந்த அம்மாளின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வீங்கிப் போய், மெட்டி புதைந்த பாதங்கள். அவை தடுமாறி, ஊன்றி, நிமிர்ந்தன. தாழ்ப்பாள் விலகியது.

அவர் கையில் பச்சை பிளாஸ்டிக் மக் இருந்தது. என் மேல் குனிந்திருந்தவனின் தலையில் அதால் ஓங்கி ஒன்று வைத்தார். தண்ணீரும் சேர்ந்து அடித்தது. அப்படியே வாசலைத் தாண்டி, ஒரு காலை இழுத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் போனார். கையில் கிடைத்தவனையெல்லாம் மக்கால் சாத்தினார்.

“எவன்டா? எவன்டா அந்தாள அடிச்சது? நான்டா லைட்டு கேட்டேன்! நான் கேட்டேன், அவரு மூஞ்சத் திருப்பிகினு கைய மட்டும் வீசுனாரு! கண்ணு இருக்குதாடா உங்களுக்கு? உங்க ஆத்தாள இருட்டுல போயி உக்காரச் சொல்லுங்கடா!”

அடி நின்றது. நின்றதும் அங்கே யாருமே அடிக்காதவர்களாக ஆகிவிட்டார்கள். வடைக்காரர் வடையைத் தின்ன ஆரம்பித்திருந்தார். கார்க்காரப் பையன்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்கள். பேருந்து ஓட்டுநர் சாப்பிட்ட கையோடு ஏறி உட்கார்ந்து ஒலிப்பானை மூன்று முறை அழுத்தினார். பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது. அந்தக் கொலைவெறியும், தேநீரும், மூத்திரமும் எல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன.

“நான் கைய மட்டுந்தான்க்கா பாத்தேன்” என்று அந்த இளம்பெண் அழுதாள். அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கணவன் பேருந்தை நோக்கிப் போனான். “நாங்க எப்படிக் கண்டோம்? வா, பஸ்ஸு போயிடும்” என்றான்.

டாங் டெஸ்டர் என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்ததை நான் உணரவில்லை. அவன் காதோரத்தில் அடித்தேன். அவன் குழந்தையின் எதிரில். காது கிழிந்து ரத்தம் பீறிட்டது. அவன் திருப்பி அடிக்கவில்லை. என்னைப் பார்த்தான், ஏறிப் போய்விட்டான். பெரியவருக்கு அடி விழுந்தபோது நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஓய்ந்த பிறகு, முதுகு காட்டிப் போகிறவனை அடித்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

பெரியவர் தரையில் சுருண்டிருந்தார். இடது கண் இருந்த இடத்தில் ரத்தம் கட்டிய சதை. அதில் கண்ணாடிச் சில்லு ஒன்று வெயிலில் மினுங்கியது. அதைப் பிடுங்கப் போன என் கையை அந்த அம்மாள் தட்டிவிட்டார்.

“தொடாத. நான் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன், முட்டி காட்டறதுக்கு. இவர ஏத்து. நானும் ஏறிக்கறேன்.”

காய்கறி கொண்டுவரும் மினி வேனில் ஏற்றினோம். நகரத்தைச் சுற்றிக்கொண்டு கோரிமேடு போய்ச் சேரும்வரை முட்டைக்கோஸ் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத அந்த மனிதரின் தலையைத் தன் மடியில் அசையாமல் பிடித்திருந்தார் அவர். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஓட்டுநரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பெரியவர் ஒரே ஒரு முறை பேசினார்.

“சார், சேர் ஒடைஞ்சிடுச்சா?”

ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஸ்ட்ரெச்சரில் மாற்றியதும் அந்த அம்மாள் தன் பையை எடுத்துக்கொண்டு மூட்டுப் பிரிவுக்கு வழி கேட்டுப் போய்விட்டார். புடவையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். ஊர் எதுவென்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இரவோடு இரவாக அறுவை செய்து சில்லுகளை எடுத்தார்கள். விலா எலும்பில் இரண்டு விரிசல், அது சேர்ந்துவிடும். கண்ணைப் பற்றிக் கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். பாய் வந்து வார்டின் வெளியே சுவரில் சாய்ந்து நின்றார். கேஸ் கொடுக்கலாம் என்றேன்.

“எந்த பஸ்ஸுன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு எந்த பஸ்ஸும் நிக்காது சார். முப்பது பேரு அங்க வேல செய்யறான்.” பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆஸ்பத்திரி செலவு எல்லாம் என்னுது. அவரு சம்பளம் நிக்காது. அல்லா மேல ஆணை. ஆனா இத மட்டும் கேக்காதீங்க” என்றார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்க என் கைக்கு என்ன யோக்கியதை?

கட்டுப் பிரித்த அன்று நான் வார்டில் இருந்தேன். பெரியவரின் மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ஓர் இளம் டாக்டரம்மா பெரியவரின் நல்ல கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல்களைக் காட்டினார்.

“எத்தன விரல் ஐயா?”

“தெரியல்லமா.”

கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் ஆட்டினார். “கை ஆடறது தெரியுதா?”

“எங்க ஆடுது?”

டார்ச் அடித்தார்.

“ஆ, வெளிச்சம் தெரியுது. வெளிச்சம் மட்டும் தெரியுது.”

மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். நான் மாடிப்படி இறங்கி வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஓட்டலுக்குப் போனேன். சென்சாரைத் திருப்புளி போட்டுக் கழற்றப் பொறுமையில்லை. கையால் பிடுங்கினேன். கூரைச் சாந்தோடு வந்தது. பிறகு ஒரு கடப்பாரை கேட்டேன். எதற்கு என்று பாய் கேட்கவில்லை. பின்சுவரில், ஜன்னல் இருந்த இடத்தில் முதல் குத்து விழுந்தபோது செங்கல் அசையவில்லை. அவர் அன்றைக்கு அவ்வளவு பயத்தோடு அடைத்திருந்தார். திரும்பத் திரும்பக் குத்தினேன். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்மட்டியோடு வந்தார். ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் அந்தச் சுவரை அடித்தோம். யார் மீதோ உள்ள ஆத்திரம் எல்லாம் செங்கல் மேல் இறங்கியது. ஒரு கல் பெயர்ந்து வெளிப்பக்கம் விழுந்தது. அந்த ஓட்டை வழியே கடல் பக்கத்து வெளிச்சம் ஈட்டி மாதிரி உள்ளே பாய்ந்து எதிர்ச்சுவரில் குத்தி நின்றது.

ஒரு வாரத்தில் ஆறு ஜன்னலும் திறந்தாயிற்று. சாய்வாகக் கண்ணாடிப் பட்டைகள் வைத்தோம். வெளிச்சம் வரும், காற்று வரும், யார் ஏறி நின்றாலும் வானத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. தண்ணீர்த் தொட்டியை வேறு பக்கம் மாற்றினோம். பகலில் அங்கே இப்போது ஒரு விளக்கும் எரிவதில்லை. மீட்டர், என் சென்சார் இருந்தபோது ஓடியதைவிடக் குறைவாக ஓடியது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. கொத்தனார் ஒருவரும் கொஞ்சம் கண்ணாடியும் போதும். அதில் திருகு இல்லை, கருவி இல்லை, நான் என்று காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. அதனாலேயே என் புத்திக்கு எட்டாமல் போயிற்று.

பாய் என்னிடம் சொல்லி அனுப்பினார்: பெரியவர் திரும்ப வரலாம், கழிப்பறைப் பக்கம் வேண்டாம், கல்லாவுக்கு அருகே டோக்கன் கொடுக்கும் வேலை. அதைச் சொல்லிவிட்டு என் பங்கையும் சொல்லிவிட வேண்டும் என்று முதலியார்பேட்டைக்குப் போனேன். மில்காரர்கள் வரிசையாகக் கட்டிக்கொண்ட சின்ன வீடுகளில் ஒன்று. கதவுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கண்ணுக்கு மேல் வெள்ளைத் துணி. ஆள் பாதியாக இளைத்திருந்தார். தெருவில் ஒரு பைக் சத்தமாகப் போனதும் அவர் தோள்கள் தாமாகவே சுருங்கின.

வேலையைப் பற்றிச் சொன்னேன்.

“வாணாம் சார். நாலு பேரு சேந்து வந்தா ஒடம்பு ஆடுது. பஸ்ஸு எறக்கற எடத்துல நான் இன்னா பண்ணுவேன்?”

அவர் மனைவி அடுப்படியிலிருந்து காபியோடு வந்தார். நான் அதை வாங்காமல் சொல்லத் தொடங்கினேன். அவர் காதுக்குக் கேட்க வேண்டும் என்பதால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் கூட்டி வைக்கச் சொன்னபோது உங்கள் பேச்சு சரியென்று எனக்குத் தெரியும். கணக்கு அழகாக வரவேண்டும் என்று நான்தான் மாற்றாமல் விட்டேன். நீங்கள் அடிபட்டபோது மீட்டர் எண்ணை எழுதி முடித்துவிட்டுத்தான் வந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை.

எல்லாவற்றையும் கேட்டார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. நல்ல கண்ணை மட்டும் என் மேல் நிறுத்தி வைத்திருந்தார்.

“தெரியும் சார்” என்றார். “படுத்துகினு இருந்தப்ப அதான் ஓடிச்சி. அந்தப் பசங்க மூஞ்சி ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்ல. எவன் அடிச்சான், எவன் ஒதைச்சான், ஒண்ணும் தெரியல. எதிர்ல வந்து நின்னாகூடத் தெரியாது. ஒங்க மூஞ்சிதான் ஞாபகம் இருக்குது. ‘சனிக்கிழம மாத்திடறேன்’னு கத்தினீங்களே, அந்த மூஞ்சி.”

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

“வாணாம். நீங்க நல்லவருதான். ஆனா இனிமே வராதீங்க.” பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, சத்தத்தைக் கொஞ்சம்கூட உயர்த்தாமல், “காபிய உள்ள எடுத்துகினு போ. அவரு கெளம்பறாரு” என்றார்.

அவர் மனைவி டம்ளரோடு நின்றார். நான் எழுந்ததும், எனக்கு வழி விட்டு, உள்ளே போனார்.